மாமியாருக்குப் பிடிக்காத மேஜை

"பெரிய குமிழி வாங்கிட்டு வந்துடாதீங்க. சின்னக் குமிழி. போன தடவை மாதிரி கடைக்காரன் குடுத்ததை அப்படியே தூக்கிட்டு வந்தீங்கன்னா, உங்களையே அதுல சுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பிடுவேன்."

என் மனைவி என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். பொட்டலம் கட்டும், காற்றுக் குமிழி வைத்த பிளாஸ்டிக் உறையைப் பற்றி. நான் சின்னக் குமிழிதான் வாங்கினேன். சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்தபோது அவள் வேலை மேஜையின் மேல் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, சத்தம் வராமல் சுருளைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

மருத்துவர் இதயம் என்றார். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் நினைவில் இல்லை.

அவள் செய்தது பொம்மை வீட்டுச் சாமான்கள். குழந்தைகள் விளையாடுவதற்கு அல்ல. உள்ளங்கையில் நான்கு நாற்காலிகள் நிற்கும். அலமாரிக் கதவு திறக்கும், மேஜை இழுப்பறை வெளியே வரும். வெளிநாடுகளில் பெரியவர்களே இதற்குப் பைத்தியமாக இருக்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு குட்டி வீட்டை வைத்துக்கொண்டு, அதற்கு ஒவ்வொரு சாமானாகத் தேடித் தேடி வாங்குகிறார்கள். இணையத்தில் அவளுக்கு ஒரு கடை இருந்தது. அவள் செய்வாள், படம் எடுப்பாள், வாங்குபவர்களிடம் பேசுவாள். நான் பொட்டலம் கட்டி அஞ்சலில் சேர்ப்பேன். மற்ற நேரம் அச்சகத்தில் பிழை திருத்துவேன்.

வாங்குபவர்களில் ஒரு பெண்மணிக்கு என் மனைவி 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் நம் அடுப்படி வரை எட்டிப் பார்க்கிறவள் என்பதால். நாற்காலியின் பின்கால் அரை மில்லிமீட்டர் குட்டை என்பாள். அலமாரிக் கதவில் மர ரேகை நெடுக்கே ஓடாமல் குறுக்கே ஓடுகிறது என்பாள். வெயிலில் ஒரு படம், நிழலில் ஒரு படம், அளவுகோல் பக்கத்தில் வைத்து ஒரு படம் கேட்பாள். மூன்றையும் அனுப்பினால், அந்த அளவுகோலை நம்பலாமா என்று கேட்பாள்.

நானாக இருந்தால், 'வேண்டாமென்றால் விடுங்கள் அம்மா' என்று எழுதியிருப்பேன். என் மனைவி அப்படி எழுத மாட்டாள். அவள் பதிலில் எப்போதும் மூன்றே வாக்கியங்கள். முதலில் நன்றி. அடுத்து, உள்ளது உள்ளபடி. கடைசியாக, தான் என்ன செய்யப்போகிறாள் என்பது. "நாலாவது வாக்கியம் எழுதினா அது சண்டைக்குத்தான் போகும்" என்பாள். மாமியார் ஒவ்வொரு தடவையும் முறைத்துக்கொண்டு போய், அடுத்த மாதமே இன்னொரு சாமானுக்குத் திரும்பி வருவாள்.

அவள் போன பிறகும் கடை திறந்தே இருந்தது. இணையத்துக் கடைக்கு ஷட்டர் கிடையாது. மாமியார் முன்பே சொல்லி வைத்திருந்த எழுத்து மேஜை, வேலை முடிந்து அலமாரியில் இருந்தது. 'எங்கே என் மேஜை?' என்று செய்தி மேல் செய்தி. செய்தவள் இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மேஜையைச் சுற்றி, கட்டி, அனுப்பிவிட்டேன்.

பதிலுக்குப் புகார் வந்தது. 'இது அவள் செய்த மேஜை அல்ல. போலி.' எனக்கு எழுதாமல், அந்த இணையக் கடைகளையெல்லாம் நடத்தும் நிறுவனத்துக்கே எழுதியிருந்தாள். நான் கொதித்துப்போய், 'ஒவ்வொரு இழையும் என் மனைவி தன் கையால் செய்தது' என்று ஆரம்பித்து மாமியாருக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ஒரு வாரத்துக்குள் ஆதாரம் காட்டாவிட்டால் கடை மூடப்படும் என்று நிறுவனம் அறிவித்தது.

அந்தக் கடையில்தான் அவள் இருந்தாள். ஓரத்தில் அவள் விரல் நுனி தெரியும் படங்கள். ஏதோ ஒரு ஊர்க்காரருக்கு அவள் சமாதானம் சொன்ன மூன்று வாக்கியங்கள். வேறெங்கும் அவள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தையல் கடைக்குப் பின்னால், ஒரு துப்பறியும் அலுவலகம் இருந்தது. காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்த ஒரு பெண்மணி நடத்தினார். எல்லாருக்கும் அவர் 'மேடம்'. அவருடைய உதவியாளனுக்கு முப்பது வயதிருக்கும். மேடம் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போவதாலும், வாய் சும்மா இருக்காததாலும், அவனை எல்லாரும் 'வால்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனே போனை எடுத்தால் "வால் பேசறேன்" என்பான். புகாரோடு அவர்களிடம் போய், கடை மூடப்படக் கூடாது என்றேன்.

"மாத்தி வெச்சிருக்காங்கன்னு சொல்றீங்களே, எவ்வளவு பெரிய மேஜை சார்?" என்று கேட்டான் வால்.

"தீப்பெட்டி அளவு."

"மேடம், சம்பவ இடத்துக்கு வண்டி வேணாம். சட்டைப் பையே போதும்."

"நீ கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்தா அதுவே பெரிய உதவி" என்றார் மேடம். என்னைப் பார்த்து, "படங்களை எல்லாம் தனியா நகல் எடுத்து வெச்சுக்கலாமே?" என்றார்.

"எடுத்துட்டேன். வீட்டை இடிக்கும்போது ஜன்னலைக் கழற்றி வெச்சுக்கிற மாதிரி இருக்கு."

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். புகாரோடு வந்திருந்த படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். அளவுகோலின் மேல் எங்கள் மேஜை. இழுப்பறை தனியாக வெளியே எடுக்கப்பட்டு, சிவப்பு வட்டம் போடப்பட்டிருந்தது.

"வழியில யாரோ மாத்திட்டாங்க" என்றேன். "நான் சுத்தினது என் மனைவி செஞ்ச மேஜை."

"மாத்தறவன் என்ன பண்ணணும்? இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு உள்ளே வெக்கணும். அவ்வளவு பொறுமை இருக்கறவன் ஏன் திருடப்போறான்?" மேடம் படத்தைக் கீழே வைத்தார். "சரி, அந்தம்மா என்னதான் குத்தம் சொல்றாங்க?"

"இழுப்பறை ரொம்பக் கச்சிதமா இருக்காம்."

வால் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "கச்சிதமா இருக்கறது ஒரு குத்தமா? சார், உங்க மனைவி சரியாத்தான் பேர் வெச்சிருக்காங்க."

மாமியார் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். 'அவள் செய்யும் இழுப்பறைகளில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஓர் இழை குறுகலாக இருக்கும். அதனால்தான் விரல் நுனி பட்டாலே உள்ளே போகும். இதில் முன்னும் பின்னும் ஒரே அளவு.'

"அப்படியா?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் ஓர் இழுப்பறையையும் திறந்து பார்த்ததில்லை. மூடியிருப்பதைச் சுற்றுவதுதான் என் வேலை.

மூவரும் மாடியேறினோம். விற்பதற்குத் தயாராக இரண்டு அலமாரிகள் இருந்தன. அவை கடைசியாகச் செய்தவை. முதல் வருடத்தில் செய்த நிலைக்கண்ணாடி மேஜை ஒன்று என் புத்தகங்களுக்கு நடுவே நின்றது. விற்க மனசில்லாமல் வைத்திருந்தாள். மேடம் மூன்றையும் ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தார். ஒரு காகிதத் துண்டைப் பழைய மேஜையின் இழுப்பறை முன்பக்க அளவுக்குக் கத்தரித்து, அதைப் பின்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காகிதம் ஒரு முடியிழை அளவு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"மாமியார் சொன்னது சரி" என்றான் வால், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அடுத்து ஓர் அலமாரியின் இழுப்பறை; அதன் அளவுக்கும் ஒரு துண்டு கத்தரித்தார். காகிதம் முன்னும் பின்னும் கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னொரு அலமாரி. அதுவும் அப்படியே.

"தபால்ல ஒண்ணும் மாறலை" என்றார் மேடம். "இந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அது அப்படித்தான் இருந்திருக்கு."

நான் உட்கார்ந்தேன். மேடம் முள்வாங்கியால் அலமாரியின் இழுப்பறையைத் திருப்பி, உள்மூலையை வெளிச்சத்தில் காட்டினார். கடுகில் பாதி அளவுக்கு இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"நகப்பூச்சா?"

"அவ போட மாட்டா."

மேடம் அதன்மேல் வாயால் ஊதிச் சூடாக்கி, நகத்தால் அழுத்தினார். நகம் உள்ளே இறங்கியது. "மெழுகு. மரத்துக்கு யாரு இந்த நிறத்துல மெழுகு போடுவா?"

வால் குனிந்து பார்த்தான். திடீரென்று தன் மேலுதட்டை விரலால் தூக்கி, இரண்டு கட்டின பற்களைக் காட்டினான். "மேடம், இந்தக் கலர் எனக்குப் பழக்கம். இதைக் கட்டறதுக்கு முன்னாடி மாதிரிப் பல் ஒண்ணு மாட்டிப் பார்த்தாங்க. ஈறு இதே கலர் மெழுகு. அதோட கண்ணாடியில சிரிச்சுப் பார்த்தேன், சொந்த ஈறை விட அழகா இருந்துச்சு."

"மேஜைக்கு ஈறு எதுக்கு?"

"பல் முளைச்சா மாமியாரைக் கடிக்கலாமே."

நான் சிரிக்கவில்லை. "என் மச்சினன் பல் கட்டறவன்" என்றேன். "அவளோட தம்பி. டாக்டருங்க அனுப்பற அச்சை வெச்சுப் பல் செட் செஞ்சு குடுக்கற கூடம் வெச்சிருக்கான்."

மேடம் இழுப்பறையை மெதுவாக உள்ளே தள்ளினார். கடைசியில் கொஞ்சம் சிக்கியது. "இங்கே வருவாரா?"

"வாரம் ஒரு தடவை. அக்கா சமையல் வேணும்னு டிபன் பாக்ஸோட வருவான். வாங்கிட்டுப் போவான்."

"உட்கார்ந்தே சாப்பிட்டுப் போகலாமே?"

அதை நான் யோசித்ததே இல்லை.

"முடிஞ்சது கதை" என்றான் வால். "அசலை டிபன் பாக்ஸ்ல கடத்திட்டு, நகலை இங்கே வெச்சிருக்கார். உங்க மச்சினன் வேற எங்கேயோ தனியா ஒரு கடை போட்டிருப்பார் சார். நான் பந்தயம் கட்டறேன்."

அவள் தகனத்துக்கு அவன்தான் எனக்கு முன்னால் நடந்தான். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். அந்தக் கை இப்போது நினைவில் வேறு மாதிரி இருந்தது.

மச்சினனின் பல் கூடத்தில் சாணைச் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க அலமாரி. அதில் வரிசை வரிசையாக வெள்ளைச் சுண்ணத்தில் வார்த்த தாடைகள்.

"இத்தனை பேர் வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருக்காங்க" என்று வால் என் காதருகே சொன்னான். "ஒருத்தரும் சாட்சி சொல்ல மாட்டாங்க."

மச்சினன் எங்களைப் பார்த்துச் சக்கரத்தை நிறுத்தினான். முகமூடியைக் கீழே இழுத்தான். "வாங்க மாமா. என்ன, சொல்லாம கொள்ளாம?"

மேடம், கொண்டுவந்த குட்டி அலமாரியை அவனுடைய வேலைப் பலகையில் வைத்தார். அவன் அதைப் பார்த்தான். இழுப்பறையைப் பார்த்தான். பிறகு என்னை.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை" என்றார் மேடம். "ஒட்டறப்போ பிடிமானத்துக்கு மெழுகு வெச்சிருக்கீங்க. ஒரு மூலையில எடுக்க மறந்துட்டீங்க."

"எப்பவும் கத்தி நுனியால எடுத்துடுவேனே" என்றான் அவன், தனக்குத்தானே சொல்வதுபோல.

"அவ செஞ்சதை என்னடா பண்ணின?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. உள்ளறையில் வேலை செய்த பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். "எங்கே வித்த? எனக்கு எதுவும் வேணாம், அவ கையால செஞ்சது எங்கேன்னு மட்டும் சொல்லு."

"இருக்கு மாமா. பத்திரமா இருக்கு."

மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தான். பல் செட்டுகளை மருத்துவர்களுக்கு அனுப்பும் டப்பா. நோயாளியின் பெயர் ஒட்டும் இடத்தில் 'அக்கா' என்று எழுதியிருந்தது. அதை என் கையில் வைத்து மூடியைத் திறந்தான்.

உள்ளே பலகைத் துண்டுகள். பசை வழிந்த இழுப்பறை ஒன்று. நடுவில் பிளந்த கதவு. ஒரு துண்டில் பென்சில் கோடு போட்டிருந்தாள். அந்தக் கோடு நேராக ஆரம்பித்து, பாதியில் அலைந்து, ஓரத்தைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

"ஒரு வருஷமா கை நடுங்குச்சு மாமா."

"எனக்குத் தெரியாதே" என்றேன்.

"தெரியக்கூடாதுன்னுதான். என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. 'அவருக்குத் தெரிஞ்சா, போதும்மா ஓய்வெடுத்துக்கோன்னு சொல்லிக் கடையை மூடிடுவாரு. அன்பாத்தான் மூடுவாரு. அதுக்கப்புறம் அவர் அச்சகத்துக்குப் போயிட்டா நான் நாள் பூரா யார்கூடப் பேசறது?' அப்படின்னா. மாமியார் எவ்வளவு குடைஞ்சாலும் அவளுக்குப் பிடிக்கும். 'அந்தம்மாவும் தனியாத்தான் இருக்கும்போல, இல்லேன்னா பொம்மை நாற்காலிக்கு இத்தனை கேள்வி கேக்குமா'ன்னு சிரிப்பா." அவன் முகமூடியின் நாடாவை விரலில் சுற்றினான். "வரைஞ்சு குடுக்கறது, வர்ணம், படம், பேச்சு எல்லாம் அக்காதான். வெட்டி ஒட்டினது மட்டும் நான்."

"பின்பக்கம் குறுகலா இருக்கணும்னு அவங்க சொல்லலையா?" என்று கேட்டார் மேடம்.

"தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னா. எனக்கு வரலை. பல்லுல ஒரு இழை குறைஞ்சா, மென்னு பார்த்துட்டு மறுநாளே சண்டைக்கு வந்துடுவாங்க. இத்தனை வருஷம் பழகின கை. மரத்தைக் குடுத்தாலும் கச்சிதமாத்தான் போகுது."

ஒரு வருடமாக எனக்குக் காபி பாதித் தம்ளர்தான் வந்துகொண்டிருந்தது. என் உடம்புக்கு ஆகாதென்று குறைக்கிறாள் என நினைத்திருந்தேன். ததும்பாமல் கொண்டு வருவதற்கு அவளுக்கு அவ்வளவுதான் முடிந்திருக்கிறது.

மேடத்தின் அலுவலகத்துக்குத் திரும்பினோம். வால் மின்விசிறியைப் போட்டுவிட்டு என் எதிரே உட்கார்ந்தான்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உண்மையை எழுதினா கடை போயிடும். அவங்க கையால செஞ்சதுன்னு போட்டு வேற கையால செஞ்சதை வித்திருக்கு. நிறுவனம் விடாது. அந்தப் பழைய நிலைக்கண்ணாடி மேஜை இருக்கே, அசல். அதை அனுப்பிட்டு, 'மன்னிக்கணும், பொட்டலம் மாறிடுச்சு'ன்னு எழுதுங்க. மாமியார் வாயும் மூடும், கடையும் திறந்திருக்கும்."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் வேலை கண்டுபிடிக்கறது. அது முடிஞ்சது" என்றார். "இருபத்தஞ்சு வருஷம் பொய்க் கோரிக்கை படிச்சவ நான். அதெல்லாம் படிக்க ரொம்ப நல்லா இருக்கும். நீளமாவும் இருக்கும்."

வாலின் யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. அந்தக் கடையைக் காப்பாற்றப் பொய் சொன்னால், அவள் எழுதிய அத்தனை வாக்கியங்களுக்கும் கீழே என் பொய் ஒன்று உட்கார்ந்திருக்கும். அவளுடைய இரண்டாவது வாக்கியம் எப்போதும் உள்ளது உள்ளபடிதான். தம்பி வெட்டி ஒட்டிய விஷயத்தில் மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. அதையும் அவளுக்காக நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

'உங்கள் கூர்மையான கண்ணுக்கு நன்றி. என் மனைவியின் கை நடுங்கத் தொடங்கியதால் அந்த மேஜையை அவள் வரைந்து தர அவளுடைய தம்பி செய்தார், அவள் இப்போது உயிரோடு இல்லை. உங்கள் பணத்தை இன்றே திருப்பி அனுப்புகிறேன்.'

அனுப்பிவிட்டு நான் மேலே போய்ப் படுத்தேன். மறுநாள் காலை அச்சகத்துக்குக் கிளம்பும்போது செய்தி வந்திருந்தது. புகார் திரும்பப் பெறப்பட்டது என்று நிறுவனம் ஒரு வரி அனுப்பியிருந்தது. அதற்குக் கீழே மாமியார்.

'பணம் வேண்டாம். போன வருடம் வாங்கிய புத்தக அலமாரியிலேயே கை மாறியிருப்பது எனக்குத் தெரியும். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பதில்கள் அவளுடையவையாக இருந்தவரை எனக்குக் கவலை இல்லை. திடீரென்று பதிலே நின்று, மேஜை மட்டும் வந்தபோது, யாரோ அவள் பெயரைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். புகார் கொடுத்தால் அவளே வந்து மூன்று வாக்கியத்தில் என்னை மடக்கிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு பக்கம் வந்தது. அப்போதே பயந்துவிட்டேன். மேஜை என் சின்ன வீட்டில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இழுப்பறை சிக்குகிறது. அந்தத் தம்பியிடம் பின்பக்கத்தை இன்னும் ஓர் இழை தேய்க்கச் சொல்லுங்கள்.'

கீழே இறங்கிப் போய் மேடத்திடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். வால் அவர் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டு, "சார், இந்தம்மா நம்ம ஊர்ல இருந்திருந்தா மேடத்துக்குப் போட்டி" என்றான். பிறகு, "சாயங்காலம் வேலை முடிஞ்சதும் இந்தப் பக்கம் வாங்க சார், சும்மா" என்றான்.

போனேன். அதற்குப் பிறகும் பல நாள் போனேன்.

கடை இன்றும் இருக்கிறது. அதில் அந்த இரண்டு அலமாரிகளின் படத்துக்குக் கீழே 'செய்தவர்: அவளுடைய தம்பி' என்று மாற்றினேன். இரண்டும் விற்றுப்போயின. மச்சினன் வாரம் ஒரு தடவை வருகிறான். இப்போது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறான். சமையல் என்னுடையது, குறை சொல்வதில்லை. மற்ற நாட்களில் வாங்குபவர்கள் எழுதுவதற்கெல்லாம் நான் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

வேலை மேஜையில் வளைகிற கழுத்துள்ள விளக்கு ஒன்று இருக்கிறது. அதை அவள் தன் உயரத்துக்கு வளைத்து வைத்திருக்கிறாள். நான் உட்கார்ந்தால் வெளிச்சம் என் நெஞ்சில் விழுகிறது.